பாதிப் படம், படுத்த படம், காணாமல் போன படம்: டேட்டாபேஸில் புகைப்படங்களைச் சரிசெய்யும் வழி

பள்ளி அடையாள அட்டை, சங்க உறுப்பினர் பட்டியல், ஸ்டுடியோ ஆர்டர்கள், ஊர்க்கோவில் சிற்பங்களின் பதிவு என்று எதற்காக ஆரம்பித்தாலும் நடப்பது ஒன்றுதான். முதல் ஐம்பது படங்கள் வரை எல்லாம் நன்றாக ஓடும். ஆயிரத்தைத் தொடும்போது திரை தயங்கித் தயங்கித் திறக்கும். அப்புறம் ஒருநாள் காலையில் ஃபைலே திறக்காது. இப்படித் தவித்தவர்களோடு உட்கார்ந்து பல மாலைகள் பார்த்த தொல்லைகளை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்தே இங்கே எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் இரண்டு வேலைகள். ஒன்று, எதையும் தொடுவதற்கு முன் முழு டேட்டாபேஸையும் படங்கள் இருக்கும் ஃபோல்டரையும் வேறொரு வட்டில் நகல் எடுத்து வையுங்கள். சரிசெய்யும் முயற்சியில் தொலைந்த படங்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் முதலில் சொல்கிறேன். இரண்டாவது, உங்கள் படங்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடியுங்கள். டேபிளை வடிவமைப்புப் பார்வையில் திறந்து படத்துக்கான ஃபீல்டின் வகையைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் ஓஎல்ஈ ஆப்ஜெக்ட் என்றோ அட்டாச்மென்ட் என்றோ இருந்தால் படம் டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கிறது. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வரில் பிளாப் என்று முடியும் வகைகளும் அப்படித்தான். வெறும் எழுத்து ஃபீல்டு என்றால் படம் வெளியே ஒரு ஃபோல்டரில் இருக்கிறது, டேட்டாபேஸில் அதன் முகவரி மட்டும் இருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் எந்தத் தீர்வையும் முயற்சி செய்ய வேண்டாம்.

அறிகுறி: சில நூறு படங்கள்தான், ஆனால் ஆக்சஸ் ஃபைல் ஜிபி கணக்கில் வீங்கிவிட்டது

ஆக்சஸ் ஃபைலுக்கு 2 ஜிபி என்ற உச்சவரம்பு இருக்கிறது. அதை நெருங்கினால் புதிய பதிவு ஏறாது, பிழைச்செய்தி வரும், சில நேரம் ஃபைலே கெட்டுப்போகும்.

காரணம் பெரும்பாலும் ஓஎல்ஈ ஃபீல்டு. அதில் ஒரு ஜேபெக் படத்தை நுழைக்கும்போது, படத்தைக் கையாளும் புரோகிராம் அதைச் சுருக்கமில்லாத பிட்மேப்பாக விரித்தும் வைத்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட ஒரு செல்போன் படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்றால் 36 எம்பி. ஜேபெக்காக அதே படம் 3, 4 எம்பிதான் இருந்திருக்கும். இந்த வேகத்தில் ஐம்பது அறுபது படங்களிலேயே 2 ஜிபி நிரம்பிவிடும்.

2007 பதிப்பில் வந்த அட்டாச்மென்ட் வகை இப்படி விரிப்பதில்லை, ஜேபெக்கை ஜேபெக்காகவே வைக்கும். ஆனாலும் 4 எம்பி படங்கள் ஐந்நூறு சேர்ந்தால் அதே 2 ஜிபி. ஆகவே வகையை மாற்றுவது தள்ளிப்போடுவதுதான். படத்தை வெளியே ஃபோல்டரில் வைத்து, டேபிளில் ஃபைல் பெயரை மட்டும் வைப்பதே நிலைக்கும் வழி.

வெளியே எடுக்கும் வரிசை முக்கியம். முதலில் டேபிளில் ஃபைல் பெயருக்கு ஒரு எழுத்து ஃபீல்டு சேருங்கள். அட்டாச்மென்ட் ஃபீல்டாக இருந்தால் ஆக்சஸுக்குள் நிரல் எழுத உதவும் விபிஏவில் ‘சேவ்டுஃபைல்’ கட்டளையே ஒவ்வொரு படத்தையும் வட்டில் எழுதித் தரும். ஓஎல்ஈ என்றால் கொஞ்சம் பாடுபட வேண்டும், ஏனென்றால் படத்துக்கு முன்னால் ஓஎல்ஈயின் சொந்தத் தலைப்புத் தகவல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜேபெக் படம் எப்போதும் 255, 216 என்ற இரண்டு பைட்டுகளில் ஆரம்பித்து 255, 217 என்ற இரண்டில் முடியும். அந்த ஆரம்பத்தைத் தேடி அங்கிருந்து வெட்டி எடுக்க வேண்டும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கேமரா படங்களுக்குள் ஒரு குட்டிப் படமும் பொதிந்திருக்கும், அதுவும் 255, 217இல்தான் முடியும். முதலில் கிடைக்கும் முடிவோடு நிறுத்தினால் படம் கெட்டுவிடும். கடைசியாக வரும் 255, 217 வரை எடுங்கள். தேடியும் ஜேபெக் ஆரம்பமே கிடைக்கவில்லை என்றால் உள்ளே பிட்மேப் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது அசல் ஃபைலைத் தேடுவதே நல்லது.

எல்லாம் வெளியே வந்ததும் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பூஜ்ய அளவில் ஏதாவது ஃபைல் இருக்கிறதா பாருங்கள். அங்கங்கே இருபது முப்பது படங்களைத் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகுதான் பழைய ஃபீல்டை நீக்க வேண்டும். நீக்கிய உடனே ஃபைல் இளைக்கவில்லையே என்று பதற வேண்டாம். ‘காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ ஓட்டினால்தான் இளைக்கும். அது புதிதாக ஒரு நகலை எழுதுவதால் வட்டில் அந்த அளவுக்குக் காலி இடம் வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் இதே வேலையை ‘ஆப்டிமைஸ் டேபிள்’ செய்யும், எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில் ‘வேக்யூம்’.

அறிகுறி: படத்தின் மேல்பகுதி மட்டும் தெரிகிறது, கீழே முழுக்கச் சாம்பல்

நெற்றியும் கண்ணும் தெரியும், வாய்க்குக் கீழே ஒன்றுமே இருக்காது. இதைப் பார்த்ததும் மைஎஸ்கியூஎல் பக்கம் போங்கள். அங்கே வெறும் ‘பிளாப்’ என்ற வகை 65,535 பைட் வரைதான் கொள்ளும். பெயரைப் பார்த்து எவ்வளவு பெரிய படமும் உள்ளே போகும் என்று நினைத்துவிடுகிறோம். ‘மீடியம்பிளாப்’ சுமார் 16 எம்பி, ‘லாங்பிளாப்’ 4 ஜிபி.

உறுதி செய்வது எளிது. ‘லெங்த்’ ஃபங்ஷனால் ஒவ்வொரு படத்தின் நீளத்தையும் கேளுங்கள். வரிசையாக 65535, 65535 என்றே வந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. 5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பு முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) இயல்பாகவே இயங்குவதால் அளவு மீறினால் பிழை காட்டி நிறுத்திவிடும். பழைய பதிப்பிலோ கண்டிப்பை யாராவது அணைத்து வைத்த சர்வரிலோ, மீதியை வெட்டி எறிந்துவிட்டு ஒரு எச்சரிக்கையோடு ஏற்றுக்கொள்ளும். அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை.

ஃபீல்டை ‘மீடியம்பிளாப்’ ஆக மாற்றினால் இனி வரும் படங்கள் பிழைக்கும். வெட்டப்பட்டவை திரும்பி வராது. நான் உதவிய ஒரு பள்ளியில் இரண்டு வருடத்துப் படங்கள் இப்படிப் போயிருந்தன. படம் எடுத்த ஸ்டுடியோக்காரர் குறுந்தகட்டில் அசலைப் பத்திரமாக வைத்திருந்ததால் தப்பித்தோம். டேட்டாபேஸில் ஏற்றிய பிறகும் அசலை அழிக்க வேண்டாம் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சுவது இதனால்தான்.

நீளம் 65535 இல்லாமல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண்ணாக வந்தால், ஏற்றும்போது இணைப்பு அறுந்திருக்கிறது. கடைசி இரண்டு பைட் 255, 217 இல்லாத படங்களைச் சலித்து எடுத்து, அவற்றை மட்டும் மறுபடி ஏற்றுங்கள்.

அறிகுறி: சின்னப் படம் ஏறுகிறது, பெரிய படம் ஏறவில்லை

வலைவழியாக ஏற்றும்போது ஒரு படம் நாலைந்து வாசல்களைத் தாண்டி உள்ளே வருகிறது. எந்த வாசலில் நிற்கிறது என்பதை அது நிற்கும் விதமே சொல்லிவிடும். 1 எம்பியைத் தாண்டியதும் 413 என்ற பிழை வந்தால் அது என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரின் இயல்பு வரம்பு. 2 எம்பிக்கு மேல் அந்த ஃபைல் மட்டும் வராமல் மற்ற விவரங்கள் வந்தால், வலைப்பக்கங்களை இயக்கும் பிஎச்பி மொழியின் ‘அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்’ வரம்பு. பெயர், வகுப்பு எல்லாமே காலியாக வந்து நின்றால், மொத்த அளவு ‘போஸ்ட் மேக்ஸ் சைஸ்’ அளவான 8 எம்பியைத் தாண்டியிருக்கிறது. படிவம் முழுதும் காணாமல் போவதால் பலர் நிரலில் பிழை தேடி நாளைக் கழிப்பார்கள். ஐம்பது படங்களை ஒரே தடவையில் தேர்ந்தெடுத்தும் சரியாக இருபது மட்டும் சேர்ந்தால், அதுவும் பிஎச்பியின் இன்னொரு இயல்பு வரம்புதான்.

இவை எல்லாவற்றையும் தாண்டிய பிறகு ‘சர்வர் ஹேஸ் கான் அவே’ என்று மைஎஸ்கியூஎல் சொன்னால் ‘மேக்ஸ் அலவ்ட் பேக்கெட்’டைப் பாருங்கள். 5.7இல் அது 4 எம்பி, 8.0இல் 64 எம்பி. வரம்புகளை உயர்த்தும்போது வெளிவாசல் முதல் உள்வாசல் வரை எல்லாவற்றையும் சேர்த்தே உயர்த்த வேண்டும்.

அறிகுறி: எல்லா வரிசையிலும் ஒரே முகம்

ஆக்சஸில் தொடர் படிவம் வைத்து, வரிசைக்கு ஒரு படமாகக் காட்ட முயல்பவர்கள் அத்தனை பேரும் ஒருமுறையாவது இதில் விழுவார்கள். கந்தசாமிக்கும் அதே படம், கமலாவுக்கும் அதே படம். வேறு வரிசையைக் கிளிக் செய்தால் எல்லாருக்கும் ஒன்றாக முகம் மாறும். எந்த ஃபீல்டோடும் பிணைக்காத படச்சட்டத்துக்கு நிரல் வழியாகப் படம் கொடுத்திருப்பீர்கள். தொடர் படிவத்தில் அந்தச் சட்டம் உண்மையில் ஒன்றே ஒன்றுதான், வரிசைக்கு வரிசை அதன் சாயல்தான் வரையப்படுகிறது. 2007 பதிப்பிலிருந்து படச்சட்டத்துக்கு ‘கன்ட்ரோல் சோர்ஸ்’ உண்டு. அதில் முகவரி ஃபீல்டையோ, ஃபோல்டரையும் ஃபைல் பெயரையும் ஒட்டும் ஒரு கோவையையோ கொடுத்து, பழைய நிரலை நீக்கிவிடுங்கள். அவ்வளவுதான்.

அறிகுறி: என் கணினியில் தெரிகிறது, வேறு எங்கும் தெரியவில்லை

படங்கள் வெளியே இருந்து, முகவரி மட்டும் டேபிளில் இருக்கும் அமைப்பில் அதிகம் வரும் தொல்லை இது. காரணம் பல.

முதலில் டேபிளைத் திறந்து முகவரியைப் படியுங்கள். ஒரு டிரைவ் எழுத்தில் தொடங்கி முழுப் பாதையும் எழுதியிருந்தால், உங்கள் கணினியில் ‘இசட்’ ஆக இருக்கும் டிரைவ் பக்கத்து மேசையில் ‘ஒய்’ ஆக இருக்கலாம். ஃபைல் பெயரை மட்டும் டேபிளில் வைத்து, ஃபோல்டரின் பாதையைத் தனியாக ஒரு அமைப்பு டேபிளில் ஒரே ஒரு வரியாக வையுங்கள். சர்வர் மாறினால் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். பாதை 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸில் பல புரோகிராம்கள் திறக்க மறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விண்டோஸிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு மாறியதும் பாதிப் படங்கள் மறைந்தால், பெயரில் உள்ள ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் காரணமாக இருக்கும். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. கேமரா பெரிய எழுத்தில் கொடுத்த பின்னொட்டை டேபிளில் யாராவது சிறிய எழுத்தில் தட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி விடுங்கள்.

அடுத்தது தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களைக் குறிப்பாகத் தாக்கும் தொல்லை. இதை நான் புரிந்துகொள்ளவே வெகுநாள் ஆயிற்று. ‘கோபுரம்’ என்று டேபிளில் இருக்கிறது, ஃபோல்டரிலும் ‘கோபுரம்’ என்றே இருக்கிறது, கண்ணுக்கு ஒரு புள்ளி கூட வித்தியாசம் இல்லை, ஆனால் படம் கிடைக்கவில்லை என்கிறது சர்வர். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ‘கோ’வின் உயிர்க்குறியை இரண்டு விதமாக எழுதலாம். 3019 என்ற ஒரே எண்ணாக எழுதலாம். இரட்டைக்கொம்புக்கு 3015, காலுக்கு 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். ‘கொ’, ‘கௌ’ இரண்டுக்கும் இதே கதை. திரையில் ஒன்றாகத் தெரியும். அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 3 பைட், இரண்டாவது 6 பைட். லினக்ஸ் பைட்டைத்தான் ஒப்பிடும், ஆகவே அதற்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் முறை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது, அதனால் மேக்கிலிருந்து நகலெடுத்த படங்களில் இது நிறைய வரும்.

பைதானிலும் பிஎச்பியிலும் இந்த இரு வடிவங்களை ஒன்றாக்கும் வசதி இருக்கிறது. சேர்த்த வடிவமான என்எஃப்சிக்கு ஃபைல் பெயர்களையும் டேபிளையும் ஒருசேர மாற்றுங்கள். ஆனால் ‘கௌ’ எழுத ஒற்றைக்கொம்புக்குப் பின் ‘ள’ என்ற எழுத்தையே தட்டிவிடுபவர்கள் உண்டு. பார்க்க அப்படியே இருக்கும், அதை எந்த வசதியும் திருத்தாது, கையால்தான் திருத்த வேண்டும். இன்னொன்று, லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் வரம்பு. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் என்பதால் 85 குறியீடுகளோடு பெயர் முடிந்துவிடும். ‘வடக்குப் பிரகாரத் தூணில் உள்ள’ என்று விளக்கமாகப் பெயர் வைத்தால் விண்டோஸில் இருந்தது இங்கே நகலாகாது. என் யோசனை, ஃபைலுக்குப் பதிவு எண்ணையே பெயராக வையுங்கள். தமிழ்ப் பெயரும் விளக்கமும் டேபிளில் இருக்கட்டும், அங்கே தேடவும் முடியும்.

அறிகுறி: படம் படுத்துக் கிடக்கிறது

செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல கருவிகள் படத்தைக் கிடைமட்டமாகவே எழுதி, ‘இதைத் திருப்பிக் காட்டு’ என்று படத்துக்குள்ளேயே ஒட்டிவரும் எக்சிஃப் தகவலில் 1 முதல் 8 வரை ஒரு எண்ணைக் குறித்துவிடும். 6 என்றால் வலப்பக்கமாகக் கால் சுற்று, 3 என்றால் தலைகீழ். 2020 வாக்கிலிருந்து பிரவுசர்கள் இந்தக் குறிப்பை மதிக்கின்றன. எல்லாப் புரோகிராமும் மதிப்பதில்லை. அதனால் அசல் படம் நிமிர்ந்தும் அதிலிருந்து செய்த சிறுபடம் படுத்தும் தெரியும். பிஎச்பியின் ஜிடி நூலகத்தில் சிறுபடம் செய்தால் குறிப்பு தொலைந்துவிடும், திருப்பவும் திருப்பாது. சிறுபடம் செய்யும் இடத்திலேயே எண்ணைப் படித்துத் திருப்புங்கள். இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியில் ‘ஆட்டோ ஓரியன்ட்’ என்ற ஒரு சொல் போதும். கையால் திருப்பிய படத்தில் எண்ணை 1 என்று மாற்ற மறந்தால் பிரவுசர் இன்னொரு முறை திருப்பும்.

அறிகுறி: பட்டியல் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது

முதலில் உங்கள் கேள்வியில் ‘செலக்ட்’டுக்குப் பின் நட்சத்திரக்குறி (எல்லா ஃபீல்டையும் கொடு என்று அர்த்தம்) போட்டிருக்கிறீர்களா பாருங்கள். படம் அதே டேபிளில் இருந்தால், வெறும் பெயர்ப் பட்டியல் கேட்டாலும் நூறு படங்களும் கூடவே இழுபட்டு வரும். தேவையான ஃபீல்டுகளின் பெயரை மட்டும் எழுதுங்கள், படத்தைத் தனி டேபிளுக்கு மாற்றுங்கள்.

அடுத்து, சிறுபடமாகத் தெரிவது உண்மையிலேயே சிறுபடமா என்று பாருங்கள். அதை மட்டும் தனியாகத் திறந்து அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரிய படத்தையே குறுக்கிக் காட்டினால், 4 எம்பி வீதம் நூறு படத்துக்கு 400 எம்பி இறங்க வேண்டும். இறங்கிய பிறகு ஒவ்வொன்றையும் திரையில் விரிக்க, புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்பி நினைவகம் வேறு. 300 புள்ளி அகலத்தில் ஒருமுறை சிறுபடம் செய்து வைத்தால் ஒன்று சில பத்து கேபிதான் வரும்.

அந்தச் சிறுபடங்களை டேட்டாபேஸுக்குள் வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம். 2006இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ஜிம் கிரேயும் அவரோடு சேர்ந்தவர்களும் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸையும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் முறையையும் ஒப்பிட்டார்கள். 256 கேபிக்குக் குறைந்தவற்றுக்கு டேட்டாபேஸும், 1 எம்பிக்கு மேற்பட்டவற்றுக்கு ஃபைல் முறையும் பொருத்தம் என்று கண்டார்கள். எஸ்கியூலைட்டை எழுதுபவர்களும் 10 கேபி அளவுச் சிறுபடங்களைத் தனி ஃபைல்களிலிருந்து படிப்பதைவிட டேட்டாபேஸிலிருந்து படிப்பது சுமார் 35 சதவீதம் வேகம் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன், சிறுபடம் உள்ளே, அசல் வெளியே.

அசல்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தாலே கணினி உறைந்துபோனால், ஒரே ஃபோல்டரில் எல்லாவற்றையும் கொட்டியிருப்பீர்கள். பதிவு எண்ணின் ஆயிரத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்தால் போதும்.

அறிகுறி: குறிப்பிட்ட சிலருடைய படம் மட்டும் வரவில்லை

பெரும்பாலும் அவர்கள் ஐபோன் வைத்திருப்பார்கள். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அவை ஹெயிக் என்ற புதிய பட வடிவில் படம் எடுக்கின்றன, குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைக் காட்டுவதில்லை. பின்னொட்டை ஜேபெக் என்று மாற்றி அனுப்பினாலும் உள்ளே இருப்பது மாறாது. ஆகவே பின்னொட்டை நம்பாமல் முதல் பைட்டுகளைப் பாருங்கள். 255, 216 என்றால் ஜேபெக், 137 என்று தொடங்கினால் பெரும்பாலும் பிஎன்ஜி. ஏற்றும் இடத்திலேயே ஜேபெக்காக மாற்றிவிடுவது நல்லது. அச்சகத்திலிருந்து வந்த படங்களில் நிறம் தலைகீழாகத் தெரிந்தால் அவை அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறமுறையில் இருக்கின்றன. திரைக்கான ஆர்ஜிபியாக மாற்றுங்கள்.

அறிகுறி: படத்தை மாற்றியும் பழையதே தெரிகிறது

பிரவுசர் தன் நினைவிலிருந்து காட்டுகிறது. புதிய படத்துக்குப் புதிய பெயர் கொடுங்கள், பதிவு எண்ணோடு ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்தாலே போதும்.

அறிகுறி: பேக்கப்பிலிருந்து மீட்டோம், பல படங்கள் இல்லை

டேட்டாபேஸும் ஃபோல்டரும் தனித்தனியாக இருந்தால் பேக்கப்பும் இரண்டு. இதில் வரிசை இருக்கிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஃபோல்டரை முதலில் நகலெடுத்து, டேட்டாபேஸை அரைமணி கழித்து எடுத்தால், அந்த இடைவெளியில் சேர்ந்தவர்களுக்குப் பதிவு இருக்கும், படம் இருக்காது. டேட்டாபேஸை முதலில் எடுங்கள், அப்புறம் ஃபோல்டர். அப்போது சில படங்கள் உபரியாக இருக்கும், அதனால் நஷ்டமில்லை. படங்களை உடனே அழிக்காமல் ‘நீக்கப்பட்டது’ என்று குறித்து வைத்து, ஒரு மாதம் கழித்து மொத்தமாக அழித்தால் இந்த வரிசை எப்போதும் பொய்க்காது.

ஒவ்வொரு படத்தையும் ஏற்றும்போதே அதன் ஷா-256 கையொப்பத்தை (படத்தின் எல்லாப் பைட்டுகளிலிருந்தும் கணக்கிடும் ஒரு அடையாளக் குறி) கணக்கிட்டு, 64 எழுத்து ஃபீல்டு ஒன்றில் வையுங்கள். ஒரே படம் இரண்டு முறை வந்தால் அது காட்டிக்கொடுக்கும். வட்டில் ஒரு பைட் கெட்டாலும் காட்டிக்கொடுக்கும். மாதம் ஒருமுறை மூன்று பட்டியல் எடுங்கள்: பதிவு இருந்து படம் இல்லாதவை, படம் இருந்து பதிவு இல்லாதவை, கையொப்பம் பொருந்தாதவை. முதல் பட்டியலிலும் மூன்றாவதிலும் ஒரு வரி வந்தால்கூட அன்றைக்கே பேக்கப்பைத் திறந்து அந்தப் படத்தை எடுத்து வையுங்கள், அடுத்த சுற்று பேக்கப் பழையதன் மேல் எழுதிவிடுவதற்குள்.